சுவரெல்லாம் ஓதம்: வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: சென்னையில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள போர்ஷனில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு படுக்கையறைச் சுவரில் ஓதம் இறங்கி, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. மகனுக்கு இளைப்பு வருகிறது. ஹவுஸ் ஓனரிடம் போனில் பலமுறை சொல்லியாயிற்று. "ஜன்னலை மூடியே வைத்தால் அப்படித்தான், பெயிண்ட் செலவை அட்வான்ஸில் பிடிப்பேன்" என்கிறார். வாடகையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால், வீட்டைக் காலி செய்யக் கேட்க அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். ஓதத்தைப் பற்றிய வழக்கு பாக்கியைப் பற்றிய வழக்காக மாறிப்போகும்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. கூரையை ஒட்டிக் கறை தொடங்கிக் கீழே இறங்கினால் மொட்டைமாடித் தளத்தில் வெடிப்பு இருக்கலாம். பாத்ரூமை ஒட்டிய சுவர் என்றால் உள்ளே ஓடும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். துணியை அறைக்குள் உலர்த்துவதாலும் பூஞ்சை வரும், மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்தால் கறை பெரிதாகிறது, வெயிலடித்தால் வெளுக்கிறது என்றால் அது ஜன்னலின் குற்றமல்ல. ஒரு கொத்தனாரை வரவழைத்து, அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். தேதி தெரியும்படி படம் எடுங்கள். மகனின் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், யார் எதைப் பழுது பார்ப்பது என்று பட்டியலிட்டே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை கட்டுமானப் பழுது, குழாய் மாற்றுவது, வெள்ளையடிப்பது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச் போன்ற சில்லறை வேலைகள்தான் உங்களுடையவை. கசிந்த சுவருக்குப் பெயிண்ட் அடிக்க உங்கள் அட்வான்ஸில் கை வைக்க அவருக்கு உரிமை இல்லை.

போனில் சொன்னது போதாது. இன்றே ஒரு கடிதம் எழுதி, படங்களோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிப் பழுது பார்க்க நியாயமான அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால், நீங்களே வேலையை முடித்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பில் ஒவ்வொன்றையும் வைத்திருங்கள். ஒரே மாதத்தில் முழு வாடகையையும் கழிக்காமல், பாதிக்கு மேல் போகாமல் கழிப்பது நல்லது. குடியிருக்கவே முடியாத நிலை என்றால், 15 நாள் எழுத்து மூல அறிவிப்பு கொடுத்துக் காலி செய்யலாம், அல்லது இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும்.

ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா? "பதினோரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தில் காலம் எவ்வளவானாலும் பதிவு உண்டு. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவது சிரமம். பதிவாகவில்லை என்றால் முறையிடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

பீரோவை இன்றே சுவரிலிருந்து அரையடி நகர்த்திவிடுங்கள். பையனை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.