சோலார் பனலுக்கு வீடு கட்டும்போதே இடம் ஒதுக்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிய வீட்டுக்கு அடுத்த மாதம் மேல்தளக் கொங்கிறீற் போட இருக்கிறோம். சோலார் பனல்களைக் குடிபுகுந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு பூட்டலாம் என்று எண்ணுகிறோம். இப்போது செய்ய வேண்டியது ஏதும் உண்டா? (கோண்டாவில்)

பதில்: பனல்களைப் பிறகு வாங்கலாம், அவற்றுக்கான ஆயத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 5 கிலோவாட் தொகுதிக்கு 550 வாட் பனல்கள் ஒன்பது தேவைப்படும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 சதுர அடி என்பதால், கழுவுவதற்கு நடக்கும் வழியையும் சேர்த்து 350 சதுர அடி நிழலற்ற இடத்தை ஒதுக்குங்கள். வாஸ்து பார்த்துத் தண்ணீர்த் தாங்கியைத் தென்மேற்கு மூலையில் ஏற்றுவது நம் வழக்கம். மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்து நிற்பதால், பிற்பகலில் அந்தத் தாங்கியின் நிழல் வடகிழக்காக மேல்தளத்தின் குறுக்கே நீளும். தொடராக இணைத்த பனல்களில் ஒன்றின் மீது நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். ஆகவே தாங்கியை மாற்ற மனமில்லாவிட்டால், தென்கிழக்குப் பக்கத்தைப் பனல்களுக்கு விடுங்கள்.

பனல் சட்டங்களைத் தாங்கும் சிறு கொங்கிறீற் மேடைகளைத் தளத்தோடு சேர்த்தே வார்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை அதன் பிறகு பூசச் சொல்லுங்கள். என் வீட்டில் இதைச் செய்யாமல் விட்டேன். பனல் பூட்ட வந்தவர்கள் முடிந்த தளத்தில் துளையிட்டு ஆணி இறக்கினார்கள். அந்த ஐப்பசி மழையிலேயே படுக்கையறைக் கூரையில் சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு ஈரவட்டம் தோன்றியது. மூன்று முறை பூசிய பிறகும், ஒவ்வொரு மாரியிலும் அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது.

சுவர்ப்பூச்சுக்கு முன் கூரையிலிருந்து மின்மானிவரை வயர்க் குழாய்களை இறக்கிவிடுங்கள். பனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் கருவியான இன்வேட்டருக்கு மேற்கு வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரைத் தெரிவு செய்யுங்கள்.

கேள்வி: பனல் இருந்தால் மின்வெட்டிலும் மின்விசிறி சுழலும் அல்லவா? (சுன்னாகம்)

பதில்: பற்றறி இல்லாமல் சுழலாது. கம்பத்தில் வேலை செய்பவரை மின் தாக்காதிருக்க, மின்சார சபையின் மின் நின்றதும் சாதாரண இன்வேட்டர் தானாக நின்றுவிடும்.

கேள்வி: 25 வருட உத்தரவாதம் என்று சொல்லி விற்றார்கள். நகையை அடகு வைத்து மாசியில் பூட்டினோம். சித்திரையில் இன்வேட்டர் நின்றுவிட்டது. உத்தரவாதம் பனல்களுக்கு மட்டும்தான் என்று இப்போது சொல்கிறார்கள். (பருத்தித்துறை)

பதில்: உங்கள் மீது தவறில்லை, அம்மா. ‘25 வருடம்’ என்ற இந்தச் சொல்லை எத்தனை வீடுகளின் விறாந்தையில் கேட்டிருப்பேன்! அது பெரும்பாலும் பனலின் உற்பத்தி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறையாது என்பதற்கான வாக்குறுதி மட்டுமே. பனல் உடைந்தாலோ பழுதானாலோ மாற்றித் தருவதற்கான காலம் வேறு, அது பொதுவாகக் குறைவு. இன்வேட்டருக்கான காலம் அதிலும் குறைவு. பனலைத் தாங்கும் சட்டத்துக்கும் பூட்டிய வேலைக்கும் உள்ள பொறுப்பைப் பலர் எழுதித் தருவதே இல்லை. இந்த நான்கையும் ஒரே வாய்ச்சொல்லுக்குள் அடக்கி விற்பது ஏமாற்று என்றே நான் சொல்வேன். கடற்காற்று வீசும் உங்கள் ஊரில், துருப்பிடிக்கக்கூடிய சட்டத்தின் உத்தரவாதமும் சிறிய விடயம் அல்ல.

நாளைக் கடத்தாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு, விளம்பரத் துண்டு, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம்.

கேள்வி: மாதம் 90 அலகு செலவாகும் வீட்டுக்கு அண்ணர் கனடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் 10 கிலோவாட் பூட்டி, முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். மின்சார சபை அலகுக்கு 22 ரூபாய் தரும்தானே? (மானிப்பாய்)

பதில்: இதைப் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். 22 ரூபாய் என்பது, கூரைச் சோலார் மின்சாரத்தை வாங்குவதற்கு 2016 இல் தொடங்கிய திட்டத்தின் முதல் ஏழு வருடங்களுக்குரிய விலை. அதன் பின் 15.50 ரூபாய். புதிதாக இணைவோருக்கான விலை பின்னர் பல முறை மாறிவிட்டது. நீங்கள் ஒப்பமிடும் ஒப்பந்தத்தில் உள்ள விலையே உங்களுக்குரியது. 10 கிலோவாட் மாதம் ஆயிரம் அலகுக்கு மேல் தரக்கூடும். அத்தனையையும் எந்த விலைக்கு விற்பது என்று தெரியாமல் அண்ணரின் உழைப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை வாசித்த பிறகு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: பனல்களை மழையே கழுவிவிடாதா? (நல்லூர்)

பதில்: ஆடிப் புழுதியும் காக்கை எச்சமும் ஐப்பசி வரை அப்படியே கிடக்கும். மேல்தளத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வையுங்கள்.