தீயணைப்பு வேலையும் மூளையும்: கேள்வி பதில்

கம்பத்தில் மனநல மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஃபயர் சர்வீஸ்காரர்கள் நிறைய. தேனிப் பக்கத்து ஆட்களும் உண்டு, மலையேறினால் குமுளி, கட்டப்பனைத் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இந்த வேலை மனசை என்ன செய்கிறது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

போடி, தீயணைப்பு வீரரின் மனைவி: இவர் 15 வருஷமாக சர்வீஸில் இருக்கிறார். பெரிய விபத்து எதிலும் சிக்கியதில்லை. ஆனால் இப்போதெல்லாம் தாளிக்கும்போது லேசாகப் புகைந்தால்கூட அடுப்படிக்கு ஓடி வருகிறார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். அடிபடாத ஆளுக்கு இது எப்படி வரும் டாக்டர்?

அடிபட்டால்தான் வரும் என்றில்லை அம்மா. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வரையறையில், வேலை நிமித்தம் கோரமானவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்கும் பி.டி.எஸ்.டி. (கோர அனுபவத்துக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) வரலாம் என்று தனியாகவே சேர்த்தார்கள். மனித உடல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களை அதற்கு உதாரணமாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊரில் ஃபயர் சர்வீஸ் என்றால் தீ மட்டுமா? கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவது, கம்பம்மெட்டு வளைவில் நசுங்கிய காரிலிருந்து ஆளை வெட்டி எடுப்பது, ஆற்றோடு போன பிள்ளையைத் தேடுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பேப்பரில் நாலு வரிச் செய்தி. மூளைக்குள் அத்தனையும் சேர்ந்துகொண்டே போகிறது.

தாளிப்புப் புகைக்கு வருகிறேன். கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தி தாலமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் மேலே போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் இல்லை. அமிக்டலாவுக்கு நேர்வழி உண்டு. ஆபத்து என்றால் உடம்பை உசுப்பிவிடுகிற, பாதாம் பருப்பு அளவுள்ள பகுதி அது. ‘கடுகு கருகிய புகைதான்’ என்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை சொல்வதற்குள் உங்கள் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில் கேலி செய்யாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். தாளிக்கப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். எதிர்பார்த்திருந்தால் அதிர்ச்சி குறையும்.

கம்பம், பணியில் சேர்ந்து சில வருடங்கள் ஆனவர்: இந்த வேலை பார்த்தால் மூளை சுருங்கிவிடும் என்கிறார்களே? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா சார்?

ஸ்கேனுக்குக் காசைக் கொட்டாதீர்கள் தம்பி. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களைக் கூட்டமாக அளந்தால், நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் சராசரியில் சற்றுச் சிறிதாக இருக்கிறது. ஒரு தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. வியட்நாம் போருக்குப் போனவர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய இரட்டைச் சகோதரர்களையும் அளந்த ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. பாதிக்கப்பட்டவருக்குச் சிறிதாக இருந்தால் வீட்டிலேயே இருந்த சகோதரருக்கும் சிறிதாகவே இருந்தது. அதனால் எல்லாவற்றையும் வேலையின் மேல் போட முடியாது.

அளவைவிட அது வேலை செய்கிற விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இஸ்ரேலில் பணியில் இருக்கும் தீயணைப்பு வீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுக்குப் பி.டி.எஸ்.டி. கிடையாது. எந்தப் பின்னணியில் வரும் படம் நல்லது, எது கெட்டது என்று கற்கச் சொன்னார்கள், கற்றுக்கொண்டார்கள். அப்புறம் விதியை மாற்றி, கெட்டதாக இருந்த பின்னணியை நல்லதாக்கினார்கள். அங்கேதான் தடுமாறினார்கள். ஓர் இடம் ஆபத்து என்று மூளை பிடித்துக்கொண்டால், அந்த இடம் சரியாகிவிட்டது என்று ஏற்கத் தயங்குகிறது. நோய் என்று பெயர் வைக்கும் முன்பே, தெம்பாக வேலைக்குப் போய்வரும் ஆளிடமே இது இருக்கிறது. ஸ்டேஷன்களில் இதைப் பேச வேண்டும் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

மூணாறு, எஸ்டேட் தொழிலாளி: பெட்டிமுடி நிலச்சரிவில் புதைந்தவர்களைத் தேடி மண் தோண்டப் போன என் தம்பி இன்றும் மழை வலுத்தால் தூங்குவதில்லை. கூடவே தோண்டிய இன்னொருத்தன் நன்றாக இருக்கிறான். இவன் மட்டும் ஏன் இப்படி?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி அந்த எஸ்டேட் தொழிலாளர் லயங்களோடு (வரிசை வீடுகளோடு) மண்ணில் போனவர்கள் 70 பேர். தோண்டிய பலருக்கு அவர்கள் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள். தெரிந்த முகத்தை மண்ணிலிருந்து எடுப்பது வேறு, தெரியாத முகத்தை எடுப்பது வேறு. அதற்கு முன்பு வாழ்க்கையில் பட்ட அடிகள், அந்த வாரம் தூங்கிய தூக்கம், வீடு திரும்பியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. தைரியசாலி, கோழை என்ற கணக்கே இதில் வராது அண்ணே. வருடங்கள் ஓடிவிட்டதே என்று விடாதீர்கள், இப்போது ஆரம்பித்தாலும் சிகிச்சை பலன் தரும்.

கூடலூர், ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்: எங்கள் காலத்தில் ஃபயர் கால் (சம்பவ அழைப்பு) முடிந்து வந்தால் ரெண்டு பெக் போட்டுத் தூங்கிவிடுவோம். இப்போது எல்லாரையும் உட்காரவைத்து ஒரு கவுன்சலிங் கொடுத்தால் போதாதா?

ஐயா, அது ஸ்டார்ட் ஆன வண்டியை ஷெட்டில் விட்டுக் கதவை மூடுவது மாதிரி. உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கனவு காணும் ஆர்.இ.எம். தூக்கத்தில், உடம்பை உசுப்பும் ரசாயனமான நார்அட்ரினலின் அடங்கிக் கிடக்கும், நினைவின் கூர் மழுங்குவது அப்போதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சாராயம் முதலில் வெட்டுவது அந்தத் தூக்கத்தைத்தான்.

சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் கட்டாயமாகப் பேசவைக்கும் ஒருநாள் கூட்டத்தையும் நான் ஆதரிக்கவில்லை. அது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன, சிலருக்கு நிலைமை மோசமாகவும் செய்திருக்கிறது. சாப்பாடு, தூக்கம், கூடவே ஒரு நல்ல சீனியர், இவை முதலில் போதும். பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்குவது தொடர்ந்தால் அனுப்பிவையுங்கள்.

குமுளி, வீரரின் அம்மா: மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. பழக்கமாகிவிடும், பி.டி.எஸ்.டி.யையும் குணப்படுத்தாது. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உண்டு, அதையும் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். அதைவிடப் பேச்சு சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பயப்படுவதைப் படிப்படியாகச் சந்திக்கப் பழக்குவதும் அதில் உண்டு. புகை வாசனை தாங்காத ஒருவருக்கு என் அறையில் கற்பூரம் ஏற்றி ஆரம்பித்தோம். முதல் நாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்காலிக் கையை விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் வீட்டு அடுப்படி, கடைசியில் டயர் எரியும் நாற்றம் வரை போனோம். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறோம். அதனால்தான் என் அறையோடு நிறுத்தாமல் இடம் மாற்றி மாற்றிச் செய்கிறோம்.

பெயர் வேண்டாம் என்றவர்: டாக்டரைப் பார்த்தது ஸ்டேஷனுக்குத் தெரிந்தால்?

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, உங்கள் சம்மதமில்லாமல் மேலதிகாரிக்குச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நேரில் வரத் தயக்கம் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எண்தான், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.