மூச்சு முட்டாமல் ஓடப் பழகுவது எப்படி? நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி

கேள்வி: வயது 41, எடை 78 கிலோ. திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன். ஒரு வருடமாகத் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஓட முயன்றால் ஒரு நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது. நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றிச் செய்தால் ஓட்டம் வரும் என்கிறார்கள். எப்படித் தொடங்குவது? 66 வயது அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார்.

பதில்:

அந்த "ஒரு நிமிடத்திலேயே" எனக்கும் நேர்ந்ததுதான். பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலை பத்து முதல் இரவு எட்டு வரை மெஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை. 2019-இல் எனக்கு 42 வயது, 81 கிலோ. பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாளே வ.உ.சி. மைதானத்துக்குப் போய் ஓடினேன். எனக்குத் தெரிந்த ஓட்டம் பள்ளிக்கூட நாளில் ஓடிய ஓட்டம் ஒன்றுதான். அதே வேகத்தில் கிளம்பினேன். அரைச் சுற்று தாண்டுவதற்குள் விலா குத்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். பத்து நாள் இப்படியே போனது. பதினோராம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரமாக வலி பிடித்துக்கொண்டது. மாடிப்படி இறங்க முடியவில்லை, பெடல் மிதிக்க முடியவில்லை. மூன்று வாரம் ஓட்டத்தையே விட்டுவிட்டேன்.

திரும்பப் போன அன்று, தினமும் அங்கே நடக்க வரும் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒன்னைய யாரும் வெரட்டுதாவளாம்மா? பைய ஓடு. ஓடிக்கிட்டே பக்கத்து ஆளுகிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியணும், அதுதான் வேகம். மூச்சு முட்டுனதுக்கு அப்புறம் நடக்காத. முட்டுறதுக்கு முன்னாலயே நடந்திரு."

உங்களுக்கு நான் சொல்லப்போவதும் இந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் இவற்றை நடைமுறையில் கொண்டுவரும் வழி.

முதலில் அந்தப் 'பைய'. ஓட்டம் என்றதும் எட்டி எட்டி அடி வைக்கத் தோன்றும். வேண்டாம். விறுவிறு நடை மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் உங்கள் ஓட்டம் 7 இருந்தால் போதும். பக்கத்தில் வேகமாக நடக்கிறவர் உங்களோடு ஒட்டியே வரலாம், அதில் வெட்கமில்லை. அடி சின்னதாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். தோள் இறுகாமல், கை மடங்கித் தளர்வாக ஆடட்டும். காதுக்குக் கேட்கிற மாதிரி 'தப்தப்' என்று கால் விழுந்தால் அடி பெரிதாகிவிட்டது என்று பொருள்.

ஏன் இவ்வளவு மெதுவாக என்றால், தசை கேட்கும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொடுத்து முடிக்கிற வேகம் ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. அதைத் தாண்டியதும் தசையில் அமிலம் சேர்கிறது, மூச்சு இரைக்கிறது, கால் கனக்கிறது. உங்களுக்கு ஒரு நிமிடத்தில் நடப்பது அதுதான். உங்கள் நுரையீரலில் குறை என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் வேகம்தான் காரணம். அந்த இடத்தைத் தொடும் முன்பே நடைக்கு மாறினால் இதயத் துடிப்பு இறங்கி, அடுத்த ஓட்டத்துக்கு உடம்பு தயாராகிவிடும். தொடர்ச்சியாக இரண்டு நிமிடம் ஓட முடியாதவர், இப்படி உடைத்து உடைத்து ஓடி ஒரே காலையில் எட்டு நிமிட ஓட்டத்தை முடித்துவிடுவார். அந்த எட்டு நிமிடம்தான் உடம்பில் சேரும்.

நடுவில் நடந்தால் அது ஓட்டமே ஆகாது என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, 1970-களிலேயே புதிதாக ஓட வந்தவர்களுக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தார். களைத்த பிறகு நடப்பதை அவர் ஏற்கவில்லை. முதல் நிமிடங்களிலிருந்தே திட்டம் போட்டு நடக்கச் சொன்னார். மாரத்தான் ஓடுகிறவர்களும் அந்த முறையைக் கைக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் முதல் வாரம். ஐந்து நிமிடம் விறுவிறு நடை. பிறகு 30 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. இப்படிப் பத்து தடவை, 20 நிமிடம். கடைசியில் ஐந்து நிமிடம் சாதாரண நடை. மொத்தம் அரை மணி, நீங்கள் இப்போது நடக்கும் அதே நேரம்தான். வாரத்தில் மூன்று நாள் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். மற்ற நாளில் வழக்கமான நடை. பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறை புதியவர்களுக்குக் கொடுக்கும் ஒன்பது வாரத் திட்டம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று தொடங்குகிறது. 78 கிலோ எடையோடு வரும் உங்களை அதற்கும் ஒரு படி கீழிருந்தே தொடங்கச் சொல்வேன். 30 விநாடி முடிந்ததும் "இவ்வளவுதானா, இன்னும் ஓடலாமே" என்று இருக்கும். அப்போதே நடந்துவிடுங்கள். கடைசி ஓட்டமும் முதல் ஓட்டம் மாதிரியே முடிந்தால் அன்றைய கணக்கு சரி.

இரண்டு வாரம் கழித்து 60-க்கு 90. அது பேச்சு தடைபடாமல் வந்தால் 90-க்கு 90. பிறகு இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. அங்கிருந்து ஓட்டத்தை மட்டும் ஒவ்வொரு நிமிடமாக நீட்டலாம். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். நான் 90-க்கு 90-இலேயே ஐந்து வாரம் நின்றேன். நிற்காமல் அரை மணி நேரம் ஓட எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஒன்பது வாரத்தில் முடித்த ஆட்களையும் பார்த்தேன், பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் முறை எனக்குக் கால் வலி வரவே இல்லை.

இந்தக் கால் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்கும். உங்களுக்கு அது ஏறக்குறைய 160 முதல் 230 கிலோ. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் அதற்குப் பழக மாதக் கணக்காகும். அதனால் நாலாவது, ஐந்தாவது வாரம்தான் ஆபத்தான காலம். மூச்சு நன்றாக வரும், உற்சாகம் வரும், இன்னும் ஒரு நாள் கூட ஓடினால் என்ன என்று தோன்றும். நான் படுத்துக் கிடந்த மூன்று வாரத்தை நினைத்துக் கேட்கிறேன், அந்த நேரத்தில் கூட்டாதீர்கள். இரண்டு காலிலும் பரவலாக வரும் சோர்வு போகட்டும். ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி வந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி, வலி போகும்வரை நடை மட்டும். போகவில்லை என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

தொடங்கும் முன் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே ஓடுவது? டவுன் ரத வீதிகளில் விடியும் முன்பே வண்டி ஓட்டம் தொடங்கிவிடும், அங்கே வேண்டாம். குறுக்குத்துறைப் பக்கம் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் இருட்டில் தனியாகப் போகாதீர்கள், அம்மாவும் வருவது அதற்கும் நல்லது. பாளையங்கோட்டை வர முடிந்த நாளில் வ.உ.சி. மைதானத்துக்கு வாருங்கள். பெண்கள் கூட்டமாக நடக்கும் இடம், மண் தரை காலுக்கும் இதம். போனில் டைமர் வைப்பது தொந்தரவாக இருந்தால் கரண்டுக் கம்பத்தை எண்ணுங்கள்: ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை விட்டு நடையாகிவிடுங்கள். ஓடினால்தான் அது துரத்தும்.

நம் வெயிலைச் சொல்லவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஆறு மணிக்கு வீடு திரும்பிவிட வேண்டும். காற்றில் ஈரப்பதம் ஏறிய நாளில் வியர்வை உலராது. உலராவிட்டால் உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அன்று ஓட்டத்தைக் குறைத்து நடையை நீட்டுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் மேற்கே பார்த்து ஓடினால் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றோடும் வருகிற மாதிரி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் நேரத்தை மட்டும் பாருங்கள். போகும் முன் ஒரு வாழைப்பழமும் கருப்பட்டிக் காப்பியும் எனக்குப் போதுமானது.

உடுப்பைப் பற்றித் தொழில்காரியாகவே சொல்கிறேன். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்குங்கள், ஷூவுக்கு அடுத்த செலவு இதற்குத்தான் இருக்க வேண்டும். அது இல்லாததாலேயே வலியும் கூச்சமும் வந்து ஓட்டத்தை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். முழுப் பருத்தி சுடிதார் வியர்வையைக் குடித்துக் கனக்கும், தொடையில் உரசிப் புண்ணாக்கும். பனியன் துணியில் மேலாடை, பக்கவாட்டு வெட்டு இடுப்பு எலும்பு வரை ஏறியிருந்தால் கால் தடுக்காது. துப்பட்டாவுக்குப் பதில் கையில்லாத மெல்லிய கோட்டு ஒன்று தைத்துப் போட்டுக்கொள்கிறேன், உள்ளே ஜிப் வைத்த பை, சாவிக்கும் போனுக்கும். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது பொருந்துவதுதான் ஓடும்போதும் பொருந்தும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

பார்ப்பார்கள். "எங்க மதினி, காலங்காத்தால ஓடுதீய?" என்று கேட்பார்கள். எனக்கு முதல் இரண்டு வாரம் தொண்டை அடைத்தது. மூன்றாவது வாரம் கேட்டவர்களில் ஒருத்தி என்னோடு நடக்க வந்துவிட்டாள்.

இன்டர்வெல் ட்ரெய்னிங் என்று பெரிய ஓட்டக்காரர்கள் செய்வது இதன் வேகமான வடிவம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் சாட்டோபெக், 400 மீட்டரை வேகமாக ஓடி, நடுவில் மெதுவாக ஓடி, மறுபடி வேகமாக ஓடியே பழகியவர். உங்களுக்கு அந்த வேகம் இப்போது தேவையில்லை. இருபது நிமிடம் பேசிக்கொண்டே ஓட முடிகிற நாள் வந்த பிறகு, வாரத்தில் ஒரே ஒரு நாள், ட்ராக்கின் நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம், வளைவில் நடை என்று நாலு சுற்று போய்ப் பாருங்கள்.

அம்மாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். ஆனால் ஓட வேண்டாம். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே குழுவினர் நடுவயதினரையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்த முறை ஒன்று உண்டு. மூன்று நிமிடம் வேகமான நடை, மூன்று நிமிடம் மெதுவான நடை, இப்படி ஐந்து தடவை. 2007-இல் வெளியான அவர்கள் ஆய்வில், ஒரே சீராக நடந்தவர்களைவிட இப்படி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும் கூடின, பிரஷரும் நன்றாக இறங்கியது. அதுவும் அரை மணிதான். நீங்கள் 30 விநாடி ஓடிவிட்டுத் திரும்பி அம்மாவை நோக்கி நடந்து வந்தால் இருவரும் ஒரே வழியில் இருக்கலாம். அம்மா சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் கூட்டி வராமல், சுருக்குப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் போட்டுக் கொடுங்கள். கை நடுங்குது, வேர்க்குது என்று சொன்னால் உடனே நின்று அதை வாயில் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள், மரத்துப்போன காலில் செருப்பு கடித்தது அவருக்கே தெரியாது.