பத்து ரூபாய் கேட்ட 'கஸ்டமர் கேர்'

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் டிசைன் படங்களை மெயிலில்தான் அனுப்புவார்கள். பத்து நாளாக ஒன்றும் வரவில்லை. "அனுப்பினால் திரும்பி வருதே" என்று நெல்லூர்க்காரர் சத்தம் போட்டார். நெட்டில் 'ஜிமெயில் கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் வந்த நம்பருக்குப் பேசினேன். எடுத்தவர் நல்ல மரியாதை. ஒரு ஆப்பைப் போடச் சொன்னார், போட்டேன். திரையில் ஒன்பது இலக்க எண் வந்தது. படிக்கச் சொன்னார். நான்கு எண் படித்திருப்பேன், "எந்த பேங்க், கணக்கில் எவ்வளவு இருக்கும், பத்து ரூபாய் கட்டணுமே" என்றார். கொலுசு வாங்க வருபவர் டச் (வெள்ளியின் தூய்மை) கேட்பார், கூலி கேட்பார். பெட்டிக்குள் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்பாரா? வைத்துவிட்டேன். அதிலிருந்து விடாமல் கூப்பிடுகிறார். "நீங்களே கூப்பிட்டுட்டு அவரைத் திருடன்னா எப்படிப்பா?" என்கிறான் மகன். அவசரப்பட்டுவிட்டேனா? மெயிலுக்கு என்ன வழி?

பதில்: அவசரப்படவில்லை. சொல்லப்போனால் நான்கு எண் தாமதம்.

மகன் சொன்னதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அவர்களாகக் கூப்பிட்டால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். நீங்களாகக் கூப்பிட்டால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வீர்கள். அதற்காகவே நம்பரை நெட்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். இலவச ஜிமெயிலுக்கு கூகுள் போனில் உதவி தருவதே இல்லை. அந்த ஒன்பது இலக்கத்தைச் சொல்லி, திரையில் கேட்கும் அனுமதியையும் கொடுத்திருந்தால் உங்கள் போன் திரை அவர் கண்ணுக்குத் தெரியும். பத்து ரூபாய் அவருக்கு எதற்கு? அதைக் கட்ட நீங்கள் தட்டும் கார்டு எண்ணும், வந்து விழும் ஓ.டி.பி.யும்தான் வேண்டும். எனிடெஸ்க் போன்ற ஆப்புகளை இப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. (ஆப்பின் மேல் தப்பில்லை, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் தினமும் வைத்து வேலை செய்வதுதான்.)

நான்கு எண்ணை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பை நீக்கிவிடுங்கள், நம்பரை பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேச வேண்டும். போகாததால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்தால் போதும்.

சரி, மெயில். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கணக்கு நிரம்பிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 15 ஜிபி. ஆண்ட்ராய்டு போனென்றால் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் சலங்கை படம் எத்தனை இருக்கும், நீங்களே யோசியுங்கள். நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கூகுள் ஒன் ஆப்பில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். பெரிய வீடியோக்களையும் பழைய டிசைன் மெயில்களையும் அழியுங்கள். அப்புறம் மறக்காமல் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் அழித்தது அங்கேயே பல நாள் உட்கார்ந்து இடத்தை அடைக்கும்.

திரும்பிப் போன மெயில்கள் தானாக வராது. நெல்லூர்க்காரரைச் சமாதானப்படுத்தி இன்னொரு முறை அனுப்பச் சொல்லுங்கள்.