ஈரத்தோப்பில் ராம்ப் நழுவுவது ஏன்?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டெம்போ டிராவலரை வீட்டு வண்டியாக மாற்றி வைத்திருக்கிறோம். ஆனைமலைப் பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்பில் இரவு தங்கினோம். முந்தின நாள் நல்ல மழை. பின்பக்கம் தாழ்வாக இருந்ததால் வண்டியைச் சமமாக நிறுத்தப் பின் சக்கரத்துக்குப் பிளாஸ்டிக் ராம்ப் (டயர் ஏறி நிற்கிற சரிவுக்கட்டை) வைத்து ரிவர்ஸில் ஏற்றிப் பார்த்தோம். இரண்டு முறை சக்கரத்துக்கு முன்னாலேயே சறுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது முறை கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் வண்டிக்கு அடியில் தெறித்துக் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிட்டது. ராம்ப் தரமில்லாததா, நாங்கள் செய்ததுதான் தப்பா?"

ராம்ப் மேல் பெரிய குறை இருக்காதுங்க. சக்கரம் ஏறுகிறவரை ராம்ப் மேல் எடையே கிடையாது, அதுதான் இதில் முக்கியமான விஷயம். இரண்டு மூன்று கிலோ பிளாஸ்டிக், ஈரப்புல் மேல் சும்மா கிடக்கிறது, அதை மூன்று டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி வந்து முட்டினால் தள்ளிக்கொண்டுதான் போகும். உங்கள் முதல் இரண்டு முறை நடந்தது இது. மூன்றாவது முறை நடந்தது வேறு. இன்ஜின் சக்தி பின் சக்கரத்துக்குத்தான் போகிறது, அந்தச் சக்கரம் வண்டியைப் பின்னால் நகர்த்த வேண்டும் என்றால் தரையை முன்பக்கமாக உதைக்க வேண்டும். தரைக்குப் பதில் அங்கே ராம்ப் இருந்தது, உதை அதற்கு விழுந்தது, கவண்கல் மாதிரி வண்டிக்கு அடியில் போய்விட்டது. குழாயோடு போனது என்று நிம்மதிப்படுங்கள். ராம்ப் நிற்கும் நேர்கோட்டில், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ, குழந்தைகளை நிற்கவே விடாதீர்கள். சைகை காட்டுகிறவர் பக்கவாட்டில், டிரைவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நாலைந்து அடி தள்ளி நிற்க வேண்டும்.

அப்போ என்ன செய்வது? ராம்பைப் பிடித்து வைப்பதற்கு வண்டியின் எடையையே பயன்படுத்த வேண்டும், அதுவும் டயர் ராம்பைத் தொடுவதற்கு முன்பே. இதற்கு நான் பயன்படுத்துவது மாட்டுக்கொட்டகையில் விரிக்கும் ரப்பர் மேட். நம் பக்கம் பால் மாடு வைத்திருக்கிற வீடுகளில் கிடக்கும், கனமானது, அடியில் வரி வரியாகவோ குமிழ் குமிழாகவோ இருக்கும், வழுக்காது. அதை இரண்டு அடி அகலத்துக்கு, ஐந்தடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ராம்பை வைத்து, ராம்பின் அடிப்பக்க விலாக்கள் வழியாக நைலான் கயிறு கோர்த்து மேட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனை டயர் பக்கம் குறைந்தது இரண்டு அடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது டயர் முதலில் மேட் மேல் ஏறும், வண்டி எடை மேட்டைத் தரையோடு அழுத்தும், அப்புறம்தான் ராம்பை முட்டும். ராம்ப் போக வேண்டும் என்றால் தன்னோடு கட்டியிருக்கும் மேட்டையும், மேட் மேல் நிற்கும் சக்கரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். லேசில் போகாது.

கட்டாமல் மேட்டை மட்டும் விரித்தால் பாதிப் பலன்தான், ராம்ப் மேட் மேலேயே சறுக்கும். ரப்பர் மேட் கிடைக்கவில்லை என்றால் கனத்த தென்னைநார் மிதியடி ஓரளவு உதவும், பொள்ளாச்சிப் பக்கம் அதற்கா பஞ்சம். கோணிச் சாக்கை இரண்டாக மடித்துப் போடலாம். தார்ப்பாய் போடவே கூடாது. பிளைவுட் பலகையும் சேற்றில் சறுக்குப்பலகை ஆகிவிடும். தோப்பில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று பச்சை மட்டையை அடியில் செருகுவார்கள், ஈரத்தில் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் எவ்வளவு வழவழப்பு என்று.

இன்னொன்று, ராம்பைத் திருப்பிப் பாருங்கள். எனக்கும் உடுமலைப் பக்கம் ஒரு தடவை இப்படி நழுவியபோது எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மண்ணைப் பிடிக்கத்தான் பற்கள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பற்களுக்கு நடுவில் இடமே இல்லாமல் கரிசல் அப்பி, கரண்டியால் வழித்த மாதிரி சமதளமாக, பளபளவென்று இருந்தது. குச்சியால் நோண்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, டயர் வரிகளில் ஒட்டியதையும் சுரண்டிவிட்டு வைத்ததும் வித்தியாசம் தெரிந்தது. செம்மண்ணில் சரளை கலந்திருந்தால் மழை விட்டுச் சில மணி நேரத்தில் பிடிமானம் வந்துவிடும். கரிசல் அப்படி இல்லை, மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் களியாக இருக்கும். குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகிப் பாருங்கள், மண் பிசைந்துகொண்டு தண்ணீர் கசிந்தால் அந்த இடம் வேண்டாம். மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தி மேலும் சக்கரம் வைக்காதீர்கள், சொட்டுநீர்க் குழாய் ஓடும், மண்ணும் பொதபொதவென்று இருக்கும். காய்த்த தென்னைக்கு நேர் கீழே வண்டி நிறுத்தக் கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

உங்கள் வண்டிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பின்பக்கத்தை ஏற்றுவதற்குப் பதில் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், முன்பக்கம் தாழ்வாக வரும், முன் சக்கரத்துக்கு ராம்ப். உதைக்கிற சக்கரம் வெறும் தரையில் இருக்கும் என்பதால் ராம்ப் தெறிக்கும் ஆபத்து போய்விடும், முன்னால் தள்ளிக்கொண்டு போகிற பிரச்சினை மட்டும் மிச்சம், அதற்கு மேட் இருக்கிறது. செம்மண் என்றால் மாடு கட்டும் முளை மாதிரி இரண்டு இரும்பு முளைகளை ராம்புக்கு அந்தப் பக்கம் அடித்தாலும் தாங்கும், தோப்புக்காரரிடம் குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்டுவிட்டு அடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் பின் சக்கரம் தரையில் நிற்பது ராத்திரிக்கும் நல்லது. பின் சக்கரம் ராம்ப் மேல் இருந்தால் பிரேக்கின் பிடி முழுக்க அந்தப் பிளாஸ்டிக்கை நம்பித்தான் இருக்கிறது. எப்படி நிறுத்தினாலும் தரையில் இருக்கும் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள், லாரிக்காரர்கள் போடுகிற மாதிரி நல்ல முக்கோணக் கட்டையாக.

ஏற்றும்போது ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், மெதுவாக ஒரே ஓட்டமாக ஏற்றுங்கள், பாதியில் நிறுத்திக் கிளட்ச்சை விட்டு விட்டுப் பிடித்தால் ஒவ்வொரு உதறலும் ராம்புக்குத்தான் போகும். கரூரில் பஸ் சேஸிஸ் மேல் கட்டி வாங்கிய பெரிய வண்டி என்றால், பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால், இரண்டு டயருமே ராம்ப் மேல் முழுசாக உட்கார வேண்டும். ஒரு டயரில் மட்டும் ஏற்றி நிறுத்தினால் அந்த டயர் இரண்டின் எடையையும் சுமக்கும். ராம்ப் மேல் எவ்வளவு டன் தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள், ஜோடிக்கா ஒன்றுக்கா என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஏற்றி நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு ரசமட்டத்தை மறுபடி பாருங்கள், ஈரமண்ணில் ராம்ப் கொஞ்சம் அமிழும். முன் பின் சக்கர இடைவெளி மூன்றரை மீட்டர் என்றால் ஒரு டிகிரி சரிவுக்கே ஆறு சென்டிமீட்டர் தூக்க வேண்டும். சாதாரணப் படி ராம்ப் பத்து சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் தூக்கும், ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதற்கும் அதிகமாகச் சரிந்த இடத்தில் ராம்புக்கு அடியில் செங்கல் அடுக்கி உயரம் கூட்டுவதை ஈரத்தில் செய்யவே செய்யாதீர்கள். வேறு இடம் பாருங்கள்.

ஒரு ராத்திரிக்குத்தானே தங்குகிறீர்கள் என்றால் மட்டமே பிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. கேஸில் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜ் வைத்திருந்தால் மட்டம் அவசியம், கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு இந்த அளவு சரிவு ஒன்றும் செய்யாது. தலைமாட்டை உயரமான பக்கம் வைத்துப் படுத்தால் போதும். காலையில் வெளியேறும் வழி இறக்கமாக இருக்கிறதா என்பதை மட்டும் ராத்திரியே பார்த்து நிறுத்துங்கள், ஜூன் ஜூலையில் ஆனைமலைப் பக்கம் ராத்திரி மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.