எதை எக்ஸ் என்று வைப்பது?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள், சமன்பாடாகக் கொடுத்தால் மளமளவென்று போட்டுவிடுகிறாளாம். அதையே நாலு வரிக் கதையாகக் கொடுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாளாம். அவள் தடுமாறிய கணக்கு இது: வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்பிய வேனுக்கு, போக வர மொத்தம் 3 மணி 30 நிமிடம் ஆனது. ஒரு வழித் தூரம் எவ்வளவு?

அம்மா, கவலைப்படாதீர்கள், சமன்பாடு போடத் தெரிந்த பிள்ளைக்கு முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. கதையைப் படித்ததும் எக்ஸைத் தேடாமல், இதில் எது மாறவே இல்லை என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். வேகம் மாறுகிறது, நேரம் மாறுகிறது, ரோடு ஒன்றுதான். அப்போ 'போன தூரம் = வந்த தூரம்' என்று தமிழிலேயே ஒரு வரி எழுதட்டும். அந்த வரிதான் சமன்பாடு, எண்களை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.

கேட்டது தூரம் என்பதால் தூரத்தைத்தான் எக்ஸ் என்று வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வைக்கலாம், தப்பில்லை, ஆனால் எக்ஸ்/40 + எக்ஸ்/60 = 3.5 என்று பின்னம் வந்து, மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கும் இடத்தில் பலர் சறுக்குவார்கள். போன நேரத்தை எக்ஸ் என்று வைத்தால் வந்த நேரம் 3.5 − எக்ஸ். தூரம் என்பது வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது, ஆகவே 40 எக்ஸ் = 60 (3.5 − எக்ஸ்). அதாவது 100 எக்ஸ் = 210, எக்ஸ் = 2.1 மணி. தூரம் 40 × 2.1 = 84 கி.மீ. இங்கேயே நின்றுவிடாமல் திரும்பும் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்: 84 ÷ 60 = 1.4 மணி, இரண்டையும் கூட்டினால் 3.5, சரி.

ஒரு இடத்தில் மட்டும் கூடவே உட்காருங்கள். 3 மணி 30 நிமிடத்தை 3.30 என்று எழுதிவிடுவார்கள், மொத்தக் கணக்கும் போய்விடும். அரை மணி என்றால் 0.5. அதேபோல 2.1 மணி என்பது 2 மணி 6 நிமிடம், 10 நிமிடம் இல்லை.

எதிரெதிரே வரும் ரயில் கணக்கில், இரண்டும் ஓடிய தூரத்தைக் கூட்டினால் முழுத் தூரம். சென்னை சென்ட்ரலுக்கும் காட்பாடிக்கும் சுமார் 130 கி.மீ.; ஒரே நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் காட்பாடியிலிருந்து ஒன்று 70-இலும் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் சந்திக்கும்.

வேனின் சராசரி வேகம் என்ன என்றும் அவளைக் கேட்டுப் பாருங்கள். 50 என்றுதான் முதலில் சொல்வாள். மொத்தத் தூரம் 168, நேரம் 3.5, வகுத்தால் 48. மெதுவாகப் போன பக்கம் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது, அதனால் சராசரி 40-இன் பக்கம் சாய்ந்துவிட்டது.