கையெழுத்து அவளுடையது

புதுச்சேரி வில்லியனூரிலிருந்து பிரான்ஸில் பாரிஸ் பக்கத்திலுள்ள சார்செல் வந்து சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். இப்போது குழந்தை வேண்டாம் என்கிறாள். ஊரில் என்றால் ஆஸ்பத்திரியில் கணவன் கையெழுத்தைக் கேட்பார்கள். இங்கே என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதில் பேச உரிமையே இல்லையா அக்கா?"

பேச உரிமை உண்டு தம்பி. கையெழுத்துப் போடும் உரிமைதான் இல்லை. ஊரிலும் அது கிடையாது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிறைந்த பெண் என்றால் அவள் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. பின்னால் வம்பு வருமோ என்ற பயத்தில் கணவன் கையெழுத்தை வாங்கி வாங்கி, அதுதான் சட்டம் என்று நம்மை நம்பவைத்துவிட்டார்கள்.

முத்தியால்பேட்டையில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி விசாவுக்குக் காத்திருந்தாள். கணவர் விடுமுறைக்கு வந்துவிட்டு பாரிஸ் திரும்பியிருந்தார். இடுப்பில் கைக்குழந்தை, அதற்குள் மறுபடியும் கரு நின்றுவிட்டது. கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள். அவர் போனிலேயே சம்மதம் சொன்னார், கேட்கவில்லை. கூரியரில் காகிதம் வந்து சேர்வதற்குள் மாத்திரையோடு முடிய வேண்டியது அறுவை சிகிச்சை வரை போய்விட்டது. நினைத்தால் இன்றும் எனக்குக் கொதிக்கிறது.

பிரான்ஸில் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள். தன்னைக் கேட்காமல் மனைவிக்குக் கருக்கலைப்புச் செய்துவிட்டார்கள் என்று ஒரு கணவர் மருத்துவமனை மேல் வழக்குப் போட்டார். கணவன் சம்மதம் தேவையில்லை என்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. இப்போது 14 வாரம் வரை செய்துகொள்ளலாம். செலவு முழுவதையும் சமூகக் காப்பீடு ஏற்கிறது. 2024 மார்ச் 4 அன்று வெர்சாயில் கூடிய நாடாளுமன்றம் 780-க்கு 72 என்ற கணக்கில் இந்தச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

ஆண்கள் வாய் திறக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1974 நவம்பரில் அன்றைய பிரெஞ்சு சுகாதார அமைச்சர் சிமோன் வெய், கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக வாதாடிய சபையில் 490 உறுப்பினர்கள். பெண்கள் 9 பேர்தான். ஆண்கள் ஓட்டில்தான் சட்டம் நிறைவேறியது. முடிவை அவர்கள் பெண்ணின் கையில் விட்டார்கள், அதுதான் பெரிய காரியம். உங்கள் அம்மா பேசட்டும், கோயில் சாமியாரும் பேசட்டும். ஆனால் மசக்கையில் சுருண்டு கிடப்பவளும், நாளை பிரசவ வலியைத் தாங்கப்போகிறவளும் அவள் ஒருத்திதான். அவள் கேட்க விரும்பினால் கேட்பாள். உங்கள் ஆசையைச் சொல்லுங்கள், பயத்தையும் சொல்லுங்கள். பிறகு அவள் சொல்வதை இடையில் புகாமல் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாருடைய நெருக்குதலும் இல்லாமல் அவள் பேசட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அவளுக்கு பிரெஞ்சு வராது என்று மாமியாரை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள், நீங்களும் உட்காராதீர்கள். சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.